ஏற்காட்டு மலையில் பல்வலி: அரசு பல் மருத்துவத்தை வீண் அலைச்சல் இல்லாமல் பெறுவது எப்படி

அரசு மருத்துவமனையில் பல்லைப் பிடுங்கவோ அடைக்கவோ சுத்தம் செய்யவோ காசு கிடையாது. ஓ.பி. சீட்டுக்கும் கிடையாது. ஆனாலும் மாரமங்கலத்திலோ நாகலூரிலோ இருப்பவரிடம் போய் "பல் வைத்தியம் இலவசம்தானே" என்றால் சிரிப்பார். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு இருக்கிறது, துணைக்கு வருபவரின் கூலியும் போகும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போன பிறகு "பிரஷர் அதிகமா இருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டால் அத்தனையும் நட்டம். மலையில் இருப்பவருக்கு வைத்தியத்தைவிடப் பயணம்தான் செலவு. ஆகவே கீழே சொல்வதெல்லாம் இறங்குகிற ஒவ்வொரு முறையும் வேலை முடிந்து ஏறுவது பற்றித்தான்.

மலைக்கு வேலை மாற்றலாகி வந்தவர்கள், தோட்ட வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், இதுவரை அரசு ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது.

எங்கே எது நடக்கும்

ஊரில் முதல் ஆள் கிராம சுகாதார செவிலியர், எல்லாரும் கூப்பிடுவதுபோல் நர்சம்மா. துணை சுகாதார நிலையத்தில் இருப்பார். பல்லுக்கு அவர் எதுவும் செய்ய முடியாது என்று நினைத்து அவரிடம் போகாமல் விடுகிறார்கள். தப்பு. பிரஷர், சர்க்கரை இரண்டையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். வட்டாரத்தில் பல் மருத்துவர் எந்த நாள், எந்த நிலையத்தில் இருப்பார் என்பதையும் அவர் கேட்டுச் சொல்வார். அவருடைய போன் நம்பர் உங்கள் போனில் இருக்க வேண்டும்.

அடுத்தது ஆரம்ப சுகாதார நிலையம். எல்லா நிலையங்களிலும் பல் நாற்காலி இருக்காது. பெரும்பாலும் வட்டார அளவிலான நிலையங்களில்தான் பல் பிரிவு வைத்திருக்கிறார்கள். அங்கே உள்ள பல் மருத்துவர் பள்ளி ஆய்வுக்கும் முகாமுக்கும் வெளியே போகிற நாட்கள் உண்டு. "ஆஸ்பத்திரி திறந்திருக்கா?" என்று விசாரிப்பதில் பயனில்லை. "பல் டாக்டர் இன்னைக்கு இருக்காங்களா, ஊசி மருந்து இருக்கா, நாற்காலி ஓடுதா?" என்று மூன்றையும் கேளுங்கள். காற்றழுத்தக் கருவி பழுதாகியிருந்தால் டாக்டர் இருந்தும் பல் அடைக்க முடியாது, பிடுங்கத்தான் முடியும். மின்சாரம் இல்லாத நாளிலும் அதே கதைதான். சாதாரணமாகப் பிடுங்குவது, சிறிய சொத்தையை அடைப்பது, பல் சுத்தம் செய்வது ஆகியவை இந்த அளவில் முடிந்துவிடும். ஏற்காடு அரசு மருத்துவமனையிலும் முதலில் விசாரித்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும்.

நடமாடும் மருத்துவ வண்டி ஊருக்குள் வரும்போது அதில் பல் மருத்துவர் இருக்க மாட்டார். ஆனால் வலி மாத்திரை கிடைக்கும், தேவைப்பட்டால் பரிந்துரைச் சீட்டும் எழுதித் தருவார்கள். கலைஞரின் வருமுன் காப்போம் திட்ட முகாம்களில் பல் மருத்துவரும் உட்காருவார். (அந்தத் திட்டத்தை 2021-இல் தொடங்கியது நம் மாவட்டத்து வாழப்பாடியில்தான்.) முகாமில் பார்த்துச் சொல்வார்கள், சிறு வேலைகள் நடக்கலாம். முழு வைத்தியமும் அன்றே ஆகிவிடும் என்று நம்பிப் போக வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலே சேலம் ஜி.எச்., அதாவது கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஞானப்பல் அறுவை, தாடை எலும்பு முறிவு, பெரிய வீக்கம், வாயில் சந்தேகமான புண், இருதய நோயாளிக்குப் பல் எடுப்பது ஆகியவற்றுக்கு அங்கேதான் போக வேண்டும். கொட்டச்சேடு பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏற்காடு வந்து இறங்குவதைவிடக் குப்பனூர் வழியாக இறங்குவது கிட்டம்.

சேலத்தைச் சுற்றித் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. அங்கே மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்வார்கள். கட்டணம் உண்டு, தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. ஆனால் ஒரு மணி நேர வேலைக்கு அரை நாள் ஆகும். ரூட் கேனால் (கெட்ட நரம்பை எடுத்துவிட்டு வேர்க்குழியை அடைப்பது), பல் செட், கேப் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) போன்றவை அரசுப் பிரிவில் கிடைக்காதபோது அது நல்ல வழி. முதல் நாளே "மொத்தம் எத்தனை தடவை வரணும், மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வலி என்ன சொல்கிறது

எங்கே போவது என்பதை முடிவு செய்ய வலியின் குணத்தைப் பார்க்க வேண்டும்.

பச்சைத் தண்ணீர் பட்டால் சுள்ளென்று கூசி, சில நொடியில் அடங்கிவிட்டால் பல்லின் நரம்பு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. ஒரே வருகையில் அடைத்துவிடலாம். இந்தக் கட்டத்தில் போகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.

சூடு பட்டால் வலி, பட்ட பிறகு பல நிமிஷம் விண்விண்ணென்று தெறிப்பது, ராத்திரி படுத்தால் கூடுவது, எந்தப் பல் என்று காட்டத் தெரியாமல் காது, நெற்றிவரை இழுப்பது என்றால் நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது. இனி அடைத்தால் நிற்காது. ரூட் கேனால் அல்லது பிடுங்குவது என்ற இரண்டே வழிதான். ரூட் கேனால் என்றால் 2 முதல் 4 வருகை. கடைவாய்ப் பல்லாக இருந்தால் அதற்கு மேல் கேப்பும் போட வேண்டும். போடாவிட்டால் அந்தப் பல் ஒரு நாள் முறுக்கோ எலும்போ கடிக்கும்போது இரண்டாகப் பிளக்கும். இத்தனை தடவை இறங்க முடியாது என்று நினைப்பவர் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாதியில் விட்ட ரூட் கேனால், செய்யாததைவிட மோசம். தற்காலிக அடைப்பு சில வாரங்கள்தான் தாங்கும். அது பெயர்ந்தால் எச்சிலும் கிருமியும் வேர்வரை இறங்கிவிடும்.

பெரிய ஏமாற்றம் இதற்கு அடுத்தது. பத்து நாள் துடித்த வலி ஒரு நாள் காலையில் காணாமல் போகும். "சரியாயிடுச்சு" என்று பயணத்தைத் தள்ளிப் போடுவார்கள். சரியாகவில்லை, நரம்பு செத்துவிட்டது, அவ்வளவுதான். சில வாரமோ சில மாதமோ கழித்து அதே இடத்தில் ஈறில் கொப்புளம் எழும், அல்லது கன்னம் வீங்கும். காப்பிப் பழம் பறிக்கிற நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் இது அதிகம் நடக்கும். சீசன் கூலியை விட மனம் வராது. மெடிக்கலில் பிரித்துக் கொடுக்கும் நாலு மாத்திரையில் ஓட்டுவார்கள். அந்த மாத்திரை சீழைத் தற்காலிகமாக அடக்கும், ஆனால் செத்த நரம்பு பல்லுக்குள்ளேயே இருக்கும். மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும், செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டமே இல்லை. அதனால்தான் மாத்திரை நின்றதும் வலி திரும்புகிறது.

பெரியவர்களுக்குத் தாக்குப்பிடிக்கப் பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை 6 மணி நேரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு எடுக்கலாம், 24 மணி நேரத்தில் 8 மாத்திரையைத் தாண்டக் கூடாது. ஈரல் நோய் உள்ளவர், தினமும் குடிப்பவர் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, பல்லிடுக்கில் சிக்கியதை எடுத்துவிட்டால் பாதி வலி குறையும்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். எருக்கம்பால் விட்டால் ஈறு வெந்து போகும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ஈறில் அமுக்கி வைத்தாலும் புண்தான். பஞ்சு குழிக்குள் மட்டும் இருக்க வேண்டும், அதுவும் ஒரு சொட்டு. ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரத்தில் அடக்கி வைப்பவர்களுக்குக் கன்னத்தின் உட்தோல் வெள்ளையாக உரிந்து வரும். மூக்குப்பொடி, புகையிலை இரண்டும் மரத்துப் போகச் செய்வதால் சுகமாகத் தெரியும், பழக்கமாகவும் ஒட்டிக்கொள்ளும். கன்னம் வீங்கியிருந்தால் வெளியே சூடு ஒத்தடம் கொடுக்காதீர்கள். சீழ் வெளிப்பக்கமாக வழி தேடி, தாடைத் தோலில் ஓட்டை விழுந்து தழும்பு நிற்கும்.

இறங்குவதற்கு முதல் நாள்

நர்சம்மாவிடம் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். 180/110-க்கு மேல் இருந்தால் அவசரம் இல்லாத பல்லைப் பிடுங்க மாட்டார்கள், 160/100 தாண்டினாலே பல டாக்டர்கள் தள்ளிப் போடுவார்கள். சர்க்கரை 200-க்கு மேல் ஓடினால் புண் ஆறாது என்று திருப்பி அனுப்புவது வழக்கம். மேலேயே அதிகம் என்று தெரிந்தால், முதலில் அதற்கு மாத்திரையைச் சரிசெய்துகொண்டு அடுத்த வாரம் இறங்கலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள் அந்தப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

அன்று காலை பிரஷர், சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அதாவது இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், வால்வு மாற்றியவர்கள், யார் சொன்னாலும் தானாக நிறுத்தக் கூடாது. பல்லில் கசியும் இரத்தத்தைப் பஞ்சால் நிறுத்திவிடலாம், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அப்படி நிறுத்த முடியாது. அட்டையை எடுத்துப் போங்கள், மாத்திரை அட்டையே போதும், பெயர் ஞாபகம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் என்றெல்லாம் கேட்டுப் பழகியவர்கள் பல்லுக்கும் சாப்பிடாமல் வருகிறார்கள். பல்லுக்கு மரத்துப் போகிற ஊசி மட்டும்தான், மயக்க மருந்து இல்லை. பட்டினி வயிறு, இரண்டு மணி நேர வரிசை, ஊசி பயம் மூன்றும் சேர்ந்தால் நாற்காலியிலேயே தலை சுற்றிச் சாய்ந்துவிடுவார்கள். விடியற்காலையில் வளைவுகளில் வாந்தி வருபவர்கள் கிளம்பும்போது இரண்டு இட்லி, கீழே இறங்கியதும் மீதி டிபன் என்று பிரித்துக்கொள்ளலாம்.

கொண்டு போக வேண்டியவை: பழைய ஓ.பி. சீட்டு இருந்தால் அது, ஆதார், வேலை செய்கிற போன், சாப்பிடும் மாத்திரைகள், முன்பு எடுத்த எக்ஸ்ரே, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சின்னத் துண்டு. கர்ப்பிணிகள் தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் பல்லைத் தொடவே கூடாது என்பது சரியில்லை. 4 முதல் 6-வது மாதம்வரை வசதியான காலம். சீழ் வைத்திருந்தால் எந்த மாதமானாலும் பார்த்தாக வேண்டும்.

மழைக்காலத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மே மாதம் கோடை விழா நாட்களில் வண்டிக் கூட்டத்தால் இறங்குவதும் ஏறுவதும் வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும். அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

சேலத்தில் அந்தக் காலை

காலை ஏழரை மணிக்கு ஓ.பி. தொடங்கி மதியம் 12 மணிக்கு முடியும். பத்து மணிக்குப் போய் நிற்பவருக்குச் சீட்டு கிடைக்கும், வேலை நடக்குமா என்பது சந்தேகம். எக்ஸ்ரே எடுத்து, பார்த்து, ஊசி போட்டு, மரத்துப் போகக் காத்திருந்து பிடுங்குவது என்று வரிசையாக நேரம் ஆகும். முதல் பஸ்ஸைப் பிடிக்கச் சொல்வது இதனால்தான். சனிக்கிழமை, பண்டிகைக்கு முந்தைய நாள் தவிர்க்க வேண்டும். பிடுங்கிய பிறகு இரத்தம் கசிந்தால் மறுநாள் யாரிடம் போவது?

சீட்டு வாங்கும்போது "பல்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "முகம் வீங்கியிருக்கு" என்று மட்டும் சொன்னால் வேறு பிரிவுக்கு எழுதிவிட வாய்ப்புண்டு, பிறகு அங்கே ஒரு வரிசை, இங்கே ஒரு வரிசை.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நான்கு விஷயங்களை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: மலையிலிருந்து வருகிறோம் என்பதால் இன்றே எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்யுங்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம், எந்த மருந்துக்காவது, குறிப்பாகப் பென்சிலின் வகைக்கு, உடம்பு தடித்ததுண்டா, முன்பு பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் போனதுண்டா. முதலாவது முக்கியம். ஒரே பக்கத்தில் இரண்டு சொத்தை இருந்தால் ஒரே ஊசியில் இரண்டையும் கவனிக்க முடியும். மேலே போய்விட்டுத் திரும்பி வர வேண்டும் என்பது டாக்டருக்குத் தானாகத் தெரியாது.

ஊசி போட்டு ஐந்து பத்து நிமிஷத்தில் உதடு தடித்ததுபோல் இருக்கும். உண்மையில் வீங்குவதில்லை, அப்படித் தோன்றும். பிடுங்கும்போது அழுத்தம் தெரியும், கரகரவென்று சத்தம் கேட்கும், கூர்மையான வலி மட்டும் தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள். சீழ் பிடித்த இடத்தில் மருந்து சரியாக வேலை செய்யாது. "எனக்கு ஊசி போட்டாலும் மரத்துப் போகாது" என்று சொல்பவர்களில் பலர் வீக்கம் முற்றிய பிறகு வந்தவர்கள்தான். அதனால்தான் சில நேரம் முதலில் மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகு பிடுங்க வரச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால், மாத்திரையை முழு நாட்களும் முடிப்பதும் தேதிக்குத் திரும்புவதும் இரண்டும் வேண்டும். வீக்கம் வடிந்ததும் வராமல் விட்டால் அடுத்த மாதம் அதே வீக்கம் வரும். மெட்ரோனிடசோல் என்ற மாத்திரை கொடுத்திருந்தால் அது முடிந்து 2 நாள் ஆகும்வரை சாராயம், பீர் எதுவும் தொடக் கூடாது. சேர்ந்தால் குடலைப் பிடுங்குகிற மாதிரி வாந்தி எடுக்கும்.

எந்த இடத்திலும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லலாம், 104 எண்ணிலும் புகார் செய்யலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சொத்தை அடைக்கவோ பல் பிடுங்கவோ தேவையில்லை. பைக்கில் விழுந்து தாடை உடைந்தால், வாய்ப் புற்று என்று தெரிந்தால் அதன் அருமை புரியும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்குக் கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். கலெக்டர் ஆபீஸில் அதற்கென்று மையம் இருப்பதால் ஜி.எச். வந்த அதே நாளில் அந்த வேலையையும் முடித்துவிடலாம்.

பிடுங்கிய வாயோடு மலையேறுவது

பிடுங்கிய குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். அந்தக் கட்டிதான் மருந்து, அதுதான் கட்டு. அதற்கு அடியில்தான் புதுச் சதை வளர்கிறது. மற்ற அறிவுரைகள் எல்லாம் அந்தக் கட்டியைக் காப்பாற்றத்தான்.

வைத்த பஞ்சை 45 நிமிஷம் இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். இடையில் எடுத்து எடுத்துப் பார்ப்பதும், பேசிக்கொண்டே இருப்பதும், எச்சிலைத் துப்புவதும்தான் இரத்தம் நிற்காததற்குக் காரணம். எச்சிலை விழுங்குங்கள். இளஞ்சிவப்பாக எச்சில் வருவது இரத்தப்போக்கு அல்ல. ஒரு சொட்டு இரத்தம் வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கும்.

உடனே பஸ் ஏறாதீர்கள். பஞ்சை எடுத்த பிறகு இன்னும் அரை மணி நேரம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, இரத்தம் நின்றதை உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள். கசிந்தால் அங்கேயே தையல் போட்டுவிடலாம், பதினைந்தாவது வளைவில் ஒன்றும் செய்ய முடியாது. போகும்போது இரண்டு மூன்று சுத்தமான பஞ்சுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கசிந்தால் ஒன்றை மடித்து அந்த இடத்தில் வைத்து அரை மணி நேரம் கடிக்க வேண்டும்.

மலைக்காரர்களுக்கு மட்டுமே உள்ள சிக்கல் ஒன்று: வளைவில் வாந்தி. வாந்தி எடுக்கும் வேகத்தில் அந்த இரத்தக் கட்டி பெயர்ந்துவிடும். வாந்தி வரும் உடம்பு என்றால் டாக்டரிடம் சொல்லி அதற்கும் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வருவது நல்லது. வாய் மரத்திருக்கும்போது எதையும் மெல்ல வேண்டாம். கன்னத்தையும் நாக்கையும் கடித்துவிட்டு, மரப்பு போனபின்தான் தெரியும். குழந்தைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது சகஜம், பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மரப்பு இறங்க 2, 3 மணி நேரம் ஆகும். அது இறங்கும் முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள்.

அன்று முழுவதும் சூடான காப்பி, கஞ்சி வேண்டாம். ஆறிய தயிர் சாதம், மோர் சரி. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. பீடி, சிகரெட் குறைந்தது 3 நாள் கூடாது. கொப்பளிப்பது மறுநாள்தான் தொடங்க வேண்டும்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு, வேகமாகக் குலுக்காமல்.

மூன்றாம், நான்காம் நாளில் வலி குறைவதற்குப் பதில் கூடி, வாயில் கெட்ட வாடை வந்து, குழியைப் பார்த்தால் வெறுமையாகச் சாம்பல் நிறமாக இருந்தால் கட்டி பெயர்ந்துவிட்டது என்று அர்த்தம். புகைப்பவர்களுக்கு இது அதிகம். ஆபத்து இல்லை, ஆனால் வலி கடுமையாக இருக்கும். குழியைக் கழுவி மருந்து வைக்க வேண்டும். மேலே பல் மருத்துவர் இருக்கிற நிலையத்திலேயே இதைச் செய்துகொள்ளலாம்.

தையல் போட்டிருந்தால் ஏழாம் நாள் பிரிக்க வேண்டும். அதற்கென்று மறுபடி சேலம் இறங்க அவசியமில்லை. "தையல் எத்தனை, எந்த நாளில் பிரிக்கணும்" என்று சீட்டில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டால் மேலேயே பிரித்துவிடுவார்கள். கேட்காமல் வந்துவிட்டால் ஒரு பயணம் போச்சு.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

தாடைக்கு அடியில் அல்லது கழுத்தில் வீக்கம் கல்லுபோல் இறுகுவது, வாயை இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பது, குரல் மாறுவது, கண் மூடுகிற அளவு கன்னம் வீங்குவது, அதோடு காய்ச்சல். இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். சீழ் மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்கினால் சில மணி நேரத்தில் மூச்சு அடைக்கும். 108-ஐக் கூப்பிட்டு நேராக ஜி.எச்.சின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ராத்திரி ஓ.பி. கிடையாது, அவசரப் பிரிவு எப்போதும் உண்டு. வண்டியில் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து அழைத்துப் போங்கள்.

இன்னொன்று, பல் அடியோடு தெறித்து விழுவது. பள்ளிக்கூட மைதானத்திலும் பைக் விபத்திலும் நடக்கும். நிலைத்த பல் என்றால் அதைத் திரும்ப நட்டுவிடலாம், ஆனால் நேரம் மிகக் குறைவு. அரை மணிக்குள் நட்டால் ஒட்டும் வாய்ப்பு நன்றாக இருக்கும், ஒரு மணி தாண்டினால் வேகமாகக் குறையும். ஏற்காட்டிலிருந்து சேலம் வந்து சேரவே ஒரு மணி நேரம். ஆகவே முதல் வேலையை விழுந்த இடத்திலேயே செய்ய வேண்டும். பல்லின் வெள்ளைப் பக்கத்தை மட்டும் பிடித்துத் தூக்குங்கள், மஞ்சளான வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலில் அல்லது ஓடும் தண்ணீரில் பத்து நொடி காட்டுங்கள். தேய்க்கக் கூடாது, வேரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் மறுபடி எலும்பைப் பிடிக்கப் போகிறது. பிறகு அதே குழிக்குள் முன்பக்கம் முன்பக்கமாக இருக்கும்படி வைத்து மெதுவாக அழுத்தி, ஒரு துணியைக் கடித்துக்கொண்டு கிளம்பலாம். அதற்குத் தைரியம் இல்லையென்றால் காய்ச்சாத பாக்கெட் பாலில் முழுகப் போட்டுக் கொண்டு போங்கள். காகிதத்தில் மடிக்கக் கூடாது, காய்ந்தால் தீர்ந்தது. பால் பல் விழுந்தால் திரும்ப வைக்கவே கூடாது, அடியில் இருக்கும் நிலைத்த பல்லைக் கெடுக்கும்.

குழந்தைகள்

ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. முன்பல் ஆடிக்கொண்டிருக்கிற அதே வயது என்பதால் வீட்டில் எல்லாரும் இதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். சொத்தை விழுந்தாலும் "விழுந்து முளைக்கும் விடு" என்பார்கள். அது விழாது. அதுதான் அறுபது எழுபது வயதுவரை மெல்ல வேண்டிய பல். இருபது பால் பற்களையும் எண்ணிவிட்டு, அதற்குப் பின்னால் இருப்பது எதுவாக இருந்தாலும் நிலைத்த பல் என்று கொள்ளுங்கள்.

பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் சுகாதாரக் குழு வந்து 18 வயதுவரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது, பல்லும் அதில் அடக்கம். குழு எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டைப் பிள்ளை புத்தகப் பைக்குள்ளேயே மறந்துவிடும். குழு வந்த நாளில் பையைப் பாருங்கள், அல்லது ஆசிரியரைக் கேளுங்கள். ஆசிரியர்கள் ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்து ஒரே நாளில் அழைத்துப் போக ஏற்பாடு செய்தால் எல்லாருக்கும் பயணம் மிச்சம்.

பேஸ்ட் அளவு: 3 வயதுவரை அரிசி அளவு, அதற்கு மேல் 6 வயதுவரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதில் குச்சிக்குக் குறையில்லை, நுனியை நன்றாக மென்று நாராக்கிய பிறகு தேய்த்தால் சரி. செங்கல் தூளும் கரியும் சாம்பலும்தான் பல்லை அரைத்து வேர்ப்பக்கம் பள்ளம் பறிக்கின்றன.

கீழ்நாட்டிலிருந்து மலைக்கு வந்த சிலருக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் காவிக் கறையும் இருக்கும். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். பல் உருவாகிற வயதில், ஏறத்தாழ 8 வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்ததால் வந்தது அது. சொத்தை அல்ல, சுத்தம் செய்தாலும் போகாது. அந்தக் கறைக்காக வரிசையில் நிற்பவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். லிட்டருக்கு 1.5 மி.கி. தாண்டிய தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. காய்ச்சினால் புளோரைடு குறையாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம்.

வெற்றிலை, புகையிலை, பல் செட்

புகையிலையை ஒரே கன்னத்தில் அடக்குபவர்கள் மாதம் ஒரு முறை கண்ணாடி முன் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, 2 வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் வரவரக் குறுகலாகத் திறப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. தொடக்கத்தில் வலிக்காது என்பதுதான் சிக்கலே. இதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிந்துரைச் சீட்டு வாங்கி நேராக ஜி.எச். போங்கள். பழக்கத்தை விட உதவி வேண்டுவோருக்கு 1800 11 2356 இலவச எண்.

பல் செட் வேண்டும் என்பவர்கள் கடைசிப் பல்லைப் பிடுங்கிய பிறகு குறைந்தது 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். ஈறு சுருங்கிக்கொண்டே இருக்கும்போது அளவெடுத்தால் செட் ஆடும். அளவு, கடி, மெழுகில் போட்டுப் பார்ப்பது, பொருத்துவது, பிறகு உறுத்துகிற இடத்தைச் சரிசெய்வது என்று 4, 5 தடவை இறங்க வேண்டியிருக்கும். தேதிகளை வாரச் சந்தைக்கு இறங்கும் நாட்களோடு பொருத்திக் கேட்டு வாங்குங்கள். உறுத்தினால் வீட்டில் கத்தியாலோ உப்புத் தாளாலோ சுரண்ட வேண்டாம். சரிசெய்யப் போகும் நாளுக்கு முந்தைய நாளிலிருந்து செட்டை வலித்தாலும் போட்டிருங்கள். ஈறில் சிவந்த தடம் இருந்தால்தான் எந்த இடத்தைத் தேய்க்க வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியும்.